பி.காம். படிப்பதா, விஸ்காம் படிப்பதா: பாபநாசத்திலிருந்து ஒரு கேள்வி

மே 14, 2025

கேள்வி இது:

“என் மகள் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவில் 600-க்கு 521 எடுத்திருக்கிறாள். விஸ்காம் என்னும் காட்சித் தொடர்பியல்தான் படிப்பேன் என்கிறாள். நான் தஞ்சாவூர் மாவட்டப் பாபநாசத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். பி.காம். முடித்தால் வங்கித் தேர்வு எழுதலாம், சி.ஏ.வுக்கு முயலலாம். விஸ்காம் முடித்தால் கல்யாண வீட்டில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவதைத் தவிர வேறு என்ன இருக்கிறது? வீட்டில் ஒரு வாரமாக அவள் என்னோடு பேசுவதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.”

கல்யாண வீட்டில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். மன்னார்குடியில் பத்தொன்பது ஆண்டுகளாக ஸ்டுடியோ நடத்துகிறேன். படித்தது பி.காம். என் அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். வேறு பாடத்தின் பெயரை வீட்டில் சொல்லிப் பார்க்கலாம் என்றுகூட எனக்கு அந்த வயதில் தோன்றவில்லை.

மகளை விஸ்காமில் சேர்த்துவிடுங்கள். கணக்கை எந்த வயதிலும் கற்றுக்கொள்ளலாம். கணினியில் கணக்கு எழுதக் கற்றுத்தரும் மாலை நேர டேலி வகுப்பு நம் பக்கத்துச் சிற்றூர்களில்கூட நடக்கிறது. ஆனால், தான் எடுத்த படத்தை நாற்பது பேர் முன்னால் வைத்து, அதில் எது பிசகியிருக்கிறது என்று விவரம் தெரிந்த ஒருவர் சொல்லக் கேட்கும் மூன்று ஆண்டுகள் பிற்பாடு வாய்க்காது. எனக்கு வாய்க்கவில்லை. அந்தக் குறை என் ஆல்பங்களில் இன்றும் தெரிகிறது.

மே 15, 2025

நேற்று அவசரத்தில் விட்டுப்போனவை.

வங்கித் தேர்வு பற்றிய அச்சம் தேவையில்லாதது. வங்கி அதிகாரி, எழுத்தர் தேர்வுகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு பட்டம் போதும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-இல் பெரும்பாலான பதவிகளுக்கும் அப்படியே. சி.ஏ.வில் பி.காம். படித்தவர் 55 விழுக்காடு வைத்திருந்தால் அடிப்படைத் தேர்வு எழுதாமல் நேராக இடைநிலைக்குப் போகலாம். மற்றப் பட்டதாரிகளுக்கு அந்த எல்லை 60 விழுக்காடு. ஆக, விஸ்காம் படித்தவருக்கும் அந்தக் கதவு சாத்தப்படவில்லை; கொஞ்சம் குனிந்து நுழைய வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையில் அடைபடும் கதவு வேறு. மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியராக வேண்டுமானால் எம்.காம்.மும் பி.எட்.டும் வேண்டும். விஸ்காம் படித்தவருக்கு நம் பள்ளிகளில் அப்படி ஒரு பணியிடமே கிடையாது. உங்கள் மனத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை இருக்குமானால் அதை மகளிடம் வாய்திறந்து சொல்லிவிடுங்கள்; வங்கித் தேர்வின் பெயரால் அதை மறைக்க வேண்டாம்.

இன்னொன்று. நேற்றுத் தொலைபேசியில் ஒரு நண்பரிடம் விஸ்காம் ஒரு கலைப் பட்டம் என்று சொல்லிவிட்டேன். தவறு. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் பி.எஸ்சி. காட்சித் தொடர்பியல், பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரையும் பொதுவாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் “மீடியா” என்று பெரிய எழுத்தில் பலகை வைத்து, பல்கலைக்கழக இணைப்பு இல்லாமல் வெறும் டிப்ளமோவைக் கையில் கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு, பட்டம் கேட்கும் மேற்சொன்ன தேர்வுகளில் ஒன்றைக்கூட எழுத முடியாது. விண்ணப்பத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மே 18, 2025

கணக்கைப் பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று எளிதாக எழுதிவிட்டேன். அதை நான் எப்படிக் கற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நீடாமங்கலத்தில் ஒரு கல்யாணம். மாலை வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம், ஆல்பம், வீடியோ, டிரோன் எல்லாம் சேர்த்து 70,000 ரூபாய் பேசினேன். ஆல்பம் அச்சுக்கு லேபில் 14,000, இரண்டாவது கேமராக்காரருக்கு 7,000, வீடியோ எடுத்தவருக்கு 8,000, டிரோனுக்கு 5,000, வெளியே கொடுத்து வீடியோ எடிட் செய்ததற்கு 12,000, வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் 3,500. ஆகச் செலவு 49,500. மீதி 20,500. இருபதாயிரம் நின்றது என்று வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அப்பா அப்போது ஆலையிலிருந்து ஓய்வு பெற்று என் கடைக் கல்லாவில் உட்காரத் தொடங்கியிருந்தார். “நீ எத்தனை நாள் இதற்காக உட்கார்ந்தாய்?” என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன். படம் எடுத்தது 2 நாள்; படம் தேர்ந்தெடுத்து, நிறம் திருத்தி, பக்கம் வடிவமைத்தது 9 நாள்; லேபுக்கும் பெண் வீட்டுக்கும் அலைந்தது 2 நாள். பதின்மூன்று நாளுக்கு 20,500 என்றால் ஒரு நாளைக்கு 1,600 ரூபாய்கூட இல்லை. நான் கூலி கொடுத்து அழைத்துப்போன இரண்டாவது கேமராக்காரர் நாளொன்றுக்கு 3,500 வாங்கிக்கொண்டு அன்று மாலையே வீட்டுக்குப் போய்விட்டார். கேமராவின் தேய்மானத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. கல்லூரியில் தேய்மானம் கணக்கிடும் நேர்கோட்டு முறை, குறைந்து செல் இருப்பு முறை இரண்டிலும் முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தக் கணக்கில் வரும் இயந்திரம் எப்போதும் ஒரு தொழிற்சாலையில் இருக்கும். அது என் தோளில் தொங்கிக்கொண்டிருக்கும் பொருளாகவும் இருக்கலாம் என்று மூன்று ஆண்டுகளில் யாரும் சொல்லவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

அப்பா ஒரு பழைய ஆல்பத்தின் அட்டையைக் கிழித்து, அதன் பின்புறத்தில் கோடு போட்டுக்கொண்டே சொன்னார்: “ஒரு மூட்டை நெல் அரைத்தால் அரிசி எவ்வளவு, குருணை எவ்வளவு, தவிடு எவ்வளவு, உமி எவ்வளவு என்று எழுதாமல் ஆலைக் கதவைச் சாத்த மாட்டோம். நீ ஒரு கல்யாணத்தையே அரைத்துவிட்டு ஒன்றும் எழுதவில்லையே.”

அப்பா படித்தது எட்டாம் வகுப்பு. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆர்டருக்கும் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். இப்போது இழுப்பறை கொள்ளவில்லை.

மே 19, 2025

“அப்படியானால் உங்கள் பி.காம். எதற்குத்தான் பயன்பட்டது?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேள்வி குத்துகிறது, நியாயமானதும்கூட.

சிறுதொழிலுக்கான முத்ரா கடனுக்கு விண்ணப்பித்தபோது திட்ட அறிக்கையை நானே எழுதினேன். ஆடிட்டர் சொல்வது பாதி புரியும். மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் துணிவு இருக்கிறது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை என்பது தெரியாமல், ஒரு முகவரின் பேச்சை நம்பிப் பதிவு செய்துகொண்டு மாதாமாதம் தாக்கல் செய்து தவிக்கும் ஸ்டுடியோக்காரர்களை எனக்குத் தெரியும். நான் அதில் விழவில்லை. பட்டம் எனக்குச் சொற்களைக் கொடுத்தது. பழக்கத்தை அப்பா கொடுத்தார்.

இதை எழுதும்போதுதான் ஒன்று தோன்றுகிறது. கேள்வி கேட்டவர் உரக்கடைக்காரர். அறுவடை வரைக்கும் கடன் சொல்லி யூரியா வாங்கிப்போகும் விவசாயி எவர், சொன்ன தேதியில் தருபவர் எவர், மூன்று போகம் கழித்துத் தருபவர் எவர் என்பதெல்லாம் காதில் விழ வளர்ந்த பெண்ணுக்கு வணிகம் வீட்டிலேயே இருக்கிறது. வீட்டில் இல்லாததைத் தேடித்தானே பிள்ளையை வெளியே அனுப்புகிறோம்?

மே 24, 2025

வைகாசி முகூர்த்தங்கள் நெருக்கியதால் நான்கு நாள் எழுதவில்லை. நேற்று மண்டபத்தில் நடந்ததை எழுதுகிறேன். அது இந்தப் பேச்சுக்குப் பொருந்துகிறது.

என் அத்தை மகன் சென்னையில் விஸ்காம் படித்துவிட்டு, அங்கே ஒரு விளம்பர நிறுவனத்தில் எட்டு ஆண்டு இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். பெரிய முகூர்த்தங்களுக்கு என்னோடு வருவான். நேற்றுக் கெட்டிமேளத்துக்குச் சற்று முன் என் அருகில் வந்து, “அத்தான், இரண்டு அடி இடப்பக்கம் வாருங்கள்” என்றான். எதற்கு என்று புரியாமலே நகர்ந்தேன். பழைய இடத்திலிருந்து பார்த்தால் மணப்பெண்ணின் தலைக்கு நேர் பின்னால் ஒரு டியூப்லைட். தலையில் ஈட்டி செருகியதுபோல் விழுந்திருக்கும். நகர்ந்ததும் அதே இடத்தில் வாழைமரத்தின் இலை வந்து நின்றது. பத்தொன்பது ஆண்டுகளில் அந்த மண்டபத்தில் எழுபது கல்யாணமாவது எடுத்திருப்பேன். எழுபது பெண்களின் தலையிலும் அந்த ஈட்டி இருக்கிறது.

எங்கே கற்றாய் என்று சாப்பாட்டுப் பந்தியில் கேட்டேன். முதலாண்டில் நாற்பது படம் கொண்டுபோனால் ஆசிரியர் முப்பத்தெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாராம். காரணத்தை அவனே கண்டுபிடித்து எழுதிக்கொண்டு வரவேண்டுமாம். அப்பா போட்ட அட்டைக் கோட்டைப் போல இதுவும் ஒரு கணக்குதான் என்று நினைத்துக்கொண்டேன். என்னிடம் யாரும் ஒரு படத்தைக்கூடத் திருப்பிக் கொடுத்ததில்லை. பெண் வீட்டார் “நன்றாக இருக்கிறது தம்பி” என்பார்கள்; அதைக் கேட்டுக்கொண்டே பத்தொன்பது ஆண்டு ஓடிவிட்டது.

அவன் தரப்பையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நேர்மையாகாது. சென்னையில் அறை வாடகை, சாப்பாடு என்று மூன்று ஆண்டில் ஆன செலவு, கல்லூரிக் கட்டணத்தைவிடக் கூடுதல். என் மாமா ஒரு மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) நிலத்தை விற்றார். அந்தப் பேச்சு இன்னும் அந்த வீட்டில் ஓயவில்லை.

மே 26, 2025

பிடித்ததைப் படிக்க விடவேண்டும் என்பதற்கு ஒருவர் ராமானுஜனை இழுத்திருக்கிறார். கும்பகோணத்துக்காரர் போலிருக்கிறது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் சேர்ந்து, கணிதத்தைத் தவிர மற்றதைப் படிக்காமல் ஆங்கிலத்தில் தோற்று உதவித்தொகையை இழந்தவர் அவர் என்பது உண்மைதான். ஆனால் 1912-இல் அவர் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்த வேலை சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவு எழுத்தர் வேலை. கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்திலேயே தன்னைக் கணக்குப் பிரிவு எழுத்தர் என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்கிறார். எனவே இந்த எடுத்துக்காட்டு இரு தரப்புக்கும் பயன்படும். ஒரு தரப்புக்கு மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதே 1904-இல், அதே கும்பகோணத்தில், கும்பகோணம் வங்கி என்று ஒன்று தொடங்கினார்கள். அதுதான் இன்றைய சிட்டி யூனியன் வங்கி. தலைமையிடம் இன்றும் அங்கேயே இருக்கிறது. உதவித்தொகையை இழந்த பையன் அந்த வழியாக நடந்துபோயிருப்பானோ என்று எனக்கு ஒரு யோசனை. பி.காம். படித்தவனுக்கு வரக்கூடிய யோசனைதான்.

ஜூன் 2, 2025

மே 14 அன்று எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

என் சிநேகிதர் ஒருவர் தன் மகனுக்காக ஒரு கல்லூரியைப் பார்க்கப் போனார். தொழில் தெரிந்தவன் என்று என்னையும் அழைத்துப்போனார். ஊர், பெயர் வேண்டாம். விளம்பரத் தாளில் படப்பிடிப்பு அரங்கு, ஒலிப்பதிவு அறை, எடிட்டிங் ஆய்வகம் எல்லாம் வண்ணத்தில் இருந்தன. அரங்கைக் காட்டுங்கள் என்றோம். சாவி துறைத் தலைவரிடம், அவர் விடுப்பில். ஒருவழியாக மாற்றுச் சாவி வந்தது. பச்சைத் திரையில் மடிப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. வாங்கிய நாளிலிருந்து விரித்த அடையாளமே இல்லை. கேமராக்கள் இரும்பு பீரோவுக்குள் இருந்தன. கணினிகளின் மேல் துணி போர்த்தி, அதன்மேல் விரலால் பெயர் எழுதும் அளவுக்குத் தூசி. யாரோ எழுதியும் இருந்தார்கள்: ஓர் அம்புக்குறி, ஓர் இதயம். அந்த அறையில் நான் பார்த்த ஒரே மாணவர் படைப்பு அதுதான்.

விஸ்காம் வகுப்பில் படத்தைப் பார்த்துக் குறை சொல்ல ஆள் இருப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். ஆள் இல்லாத இடத்தில் சேர்ந்தால் கணக்கும் இல்லை, கண்ணும் இல்லை. அதைவிட நம் ஊர் அரசுக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் பி.காம். படித்துவிட்டு, மிச்சப் பணத்தையும் மாலை நேரத்தையும் கேமராவுக்குக் கொடுப்பது எவ்வளவோ மேல். பி.காம். முடித்தபின் முதுகலையில் ஊடகத்துக்கு மாறிக்கொள்ளவும் வழி இருக்கிறது; திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலேயே அந்தத் துறை உண்டு. 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கவும் யு.ஜி.சி. அனுமதித்திருக்கிறது: ஒன்று நேரில், மற்றது தொலைநிலைக் கல்வியில். விஸ்காமை நேரிலும் பி.காம்.மைத் தொலைநிலையிலும் வைத்துக்கொள்ளலாம். தலைகீழாக வைத்துக்கொண்டால் கேமராவை அஞ்சலில்தான் கற்க வேண்டும்.

பாபநாசத்துக்காரருக்கு: கல்லூரியைப் பார்க்க வேலை நாளில், மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். பீரோ திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியே பிடித்து, கடைசியாக எப்போது கேமரா கைக்கு வந்தது என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். உங்களிடம் “நிறைய சார்” என்பார்கள். அவளிடம் உண்மையைச் சொல்வார்கள்.

ஜூன் 3, 2025

மூன்றாவது வழி ஒன்று நம் காலடியிலேயே இருப்பதை இதுவரை யாரும் எழுதவில்லை, நான் உட்பட. கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ.; வண்ணக்கலை, சிற்பம், காட்சித் தொடர்பு வடிவமைப்பு என்று பிரிவுகள். பெயர் விஸ்காமைப் போலத் தோன்றினாலும் இது வேறு. கையால் வரையத் தெரிய வேண்டும். சினிமாவே குறி என்றால் சென்னைத் தரமணியில் அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு என்று தனித்தனியாக நான்கு ஆண்டுப் பட்டம் இருக்கிறது, இடங்கள் குறைவு.

சுவாமிமலையில் எனக்குத் தெரிந்த ஒரு ஸ்தபதி இருக்கிறார். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைப்பார். ஓர் அச்சு ஒரே சிலைக்குத்தான். அவருடைய பட்டியலை ஒருமுறை பார்த்தேன். உலோகத்தின் எடைக்கு ஒரு தொகை, கைவேலைக்கு ஒரு தொகை என்று தனித்தனியாக எழுதியிருந்தார். உலோக விலை ஏறினாலும் இறங்கினாலும் இரண்டாவது தொகையில் கைவைக்க விடமாட்டாராம். அன்றிலிருந்து என் கொட்டேஷனில் ஆல்பம் அச்சு தனி, என் உழைப்பு தனி. அச்சு விலையைச் சொல்லி என் உழைப்பைக் குறைக்கச் சொல்பவர்கள் அத்தோடு குறைந்துவிட்டார்கள்.

ஜூன் 13, 2025

நேற்று மேட்டூர் திறந்துவிட்டார்கள். குறுவைக்குத் தண்ணீர் வரும் என்பதால் உரக்கடைக்காரருக்கு இனி பதில் எழுத நேரமிருக்காது. அவர் கடைசியாகக் கேட்டதற்கு மட்டும் பதில்.

“இந்தத் தொழிலில் மாதச் சம்பளம்போல ஒரு வரவு உண்டா?” இல்லை. நம் பக்கத்தில் கேமராவுக்கும் நெல்லுக்கும் ஒரே பருவம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. தை அறுவடைக்குப் பின் கல்யாணம் குவியும். ஆனால் பாக்கித் தொகை கொள்முதல் நிலையத்தில் நெல் எடை போட்டு, பணம் வங்கிக்கணக்கில் ஏறிய பிறகுதான் வரும். அந்த நீடாமங்கலத்துக் கல்யாணத்தின் கடைசி 15,000 ரூபாய் ஏழு மாதம் கழித்து வந்தது. அவர்கள் ஏமாற்றவில்லை; மழையில் நெல் நனைந்து ஈரப்பதம் கூடிப்போனதால் மூட்டைகள் நிலைய வாசலில் கிடந்தன. ஆல்பம் என் அலமாரியில் கிடந்தது. கஜா புயல் அடித்த 2018-இல் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆர்டர்கள் நான்கு தள்ளிப்போயின. தென்னை சாய்ந்த வீட்டில் போய் பாக்கி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் உரக்கடையிலும் இதே கதைதானே? நீங்கள் பழகிய பயத்துக்குத்தான் உங்கள் மகளும் பழகப்போகிறாள்.

ஜூன் 14, 2025

நேற்றைய கடைசி வரியைப் படித்துவிட்டு என் மனைவி, “ஆறுதல் சொல்கிறீர்களா, பயமுறுத்துகிறீர்களா?” என்று கேட்டாள். சம்பள வேலையும் உண்டு: தொலைக்காட்சி, விளம்பர நிறுவனம், இணைய வணிகத்துக்குப் பொருள் படம் எடுக்கும் இடங்கள். ஆனால் அவை சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. பி.காம். படித்தவருக்குப் பாபநாசத்திலேயே ஒரு மேசை கிடைக்கும். மகள் ஊரிலேயே இருக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், அதையும் பாடத்தின் பெயரால் பேசாதீர்கள்.

ஜூலை 6, 2025

பாபநாசத்துக்காரர் நேற்று மகளோடு மன்னார்குடிக்கு வந்தார். இரண்டு கல்லூரிகளைப் பார்த்தார்களாம். முதலாவதில் பீரோ பூட்டியிருந்தது. திருச்சியில் உள்ள இரண்டாவதில், மதியம் இரண்டு மணிக்கு மூன்று பெண்கள் வராந்தாவில் முக்காலியை நிறுத்திவைத்து, ஒரு தண்ணீர்க் குடத்தை நாலாபக்கமும் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தார்களாம். அங்கே விஸ்காமில் சேர்ந்துவிட்டாள். தொலைநிலை பி.காம். முதலாண்டில் வேண்டாம், இரண்டாம் ஆண்டில் பார்க்கலாம் என்று அவளே சொன்னாள். அது சரி என்றுதான் எனக்கும் படுகிறது.

கடையில் கடன் நோட்டு யார் எழுதுகிறார்கள் என்று கேட்டேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள்தானாம். அப்பா முகத்தில் கொஞ்சம் அசடு வழிந்தது.

அவர் கேட்க வந்தது வேறு. கல்லூரி தொடங்குமுன் 85,000 ரூபாயில் ஒரு கேமரா வாங்கிக் கொடுக்கலாமா என்றார். வேண்டாம் என்றேன். ஐந்து ஆண்டு உழைக்கும் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 17,000 தேய்மானம். முதலாண்டில் அது விடுதிப் பெட்டிக்குள்தான் இருக்கும். கல்லூரிக் கேமராவை முறை போட்டு வாங்கி எடுக்கட்டும். இரண்டாம் ஆண்டு முடிவில், என்ன வகைப் படம் எடுக்கப்போகிறாள் என்று தெரிந்தபின் லென்ஸை முதலில் வாங்கலாம், கேமராவின் உடற்பகுதியைப் பழையதாகப் பார்க்கலாம். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் என் மேசையிலிருந்த ஓர் அட்டையை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்துக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் வண்டிச் செலவு இரண்டு இடத்தில் வந்திருக்கிறதே என்றாள். வந்திருந்தது.